குறிப்பு எண் பதினேழு

பாலிமோட்டில் மழைக்கு விடுமுறை கிடையாது.
சமையலறை மேசையில்
மூன்று வங்கிகளைப் பரப்பி வைத்திருக்கிறேன்:
மூன்று ஆண்டறிக்கைகள், ஒரு பென்சில்,
ஆறிப்போன தேநீர்.

அட்டையில் சிரிக்கிறவர்களை முதலில் கவிழ்த்து வைப்பேன்.
தலைவரின் கடிதம் தலைவருக்கே இருக்கட்டும்.
நேரே பின்பக்கம்,
எழுத்து எறும்பாகச் சிறுக்கும் இடம்.
கொடுத்த கடன் எவ்வளவு,
திரும்பாதது எவ்வளவு,
திரும்பாது என்று தெரிந்தும்
திரும்பும் என்று எழுதிவைத்தது எவ்வளவு.
கடைசிக் கணக்கை யாரும் அச்சிடுவதில்லை.
அதைத்தான் தேடுகிறேன்.

அக்கா கன்செப்டா தொலைபேசியில்:
"ஒன்பது சதவீதம் தருகிறார்களாம், அட்ராக்டா.
நீ இன்னும் அந்த நாலரையைக் கட்டிக்கொண்டு அழு."

தருவது கூடவில்லை, அக்கா.
பங்கின் விலை பாதியாக விழுந்ததில்
பழைய டிவிடெண்ட் பெரிதாகத் தெரிகிறது,
உடம்பு வற்றியவனுக்குச் சட்டை பெரிதாவது போல.

பட்டென்று வைத்துவிட்டாள்.

முப்பத்தொரு வருடம்
கால்நடை மருத்துவரிடம் பில் போட்டவள் நான்.
கன்றின் வாளியிலும் கைவைத்த பண்ணைக்காரர்களை
எனக்குப் பெயர் பெயராகத் தெரியும்.
நூறு யூரோ லாபத்தில்
தொண்ணூற்றைந்தை வாரிக் கொடுக்கும் வங்கி
எனக்கு வேண்டாம்.
நாற்பது கொடு. மிச்சத்தை உள்ளே வை.
கெட்ட வருடம் கதவைத் தட்டிவிட்டு வராது.

நானும் ஒருமுறை படிக்காமல் வாங்கினேன்.
ஊரில் பாதிரியார் வைத்திருந்தார், போலீஸ்காரர் வைத்திருந்தார்,
பல் பிடுங்குகிறவர் வைத்திருந்தார்.
வங்கி விழுமா என்றார்கள்,
மலை விழுமா என்று கேட்பது போல.
ஏப்ரலில் ஒரு காசோலை, அக்டோபரில் ஒன்று.
அக்டோபர் காசோலையில் எண்ணெய்த் தொட்டி நிறையும்,
குளிர்காலம் வெளியே நிற்கும்.

இரண்டாயிரத்து ஒன்பதில் உறை மட்டும் வந்தது.
உள்ளே, வருந்துகிறோம் என்று நாலு வரி.
பதினெட்டு யூரோவுக்கு வாங்கியது
முப்பது சென்ட்.
வட்டி போனால் போகட்டும்,
முதலுக்கே மோசம்.

டப்ளினுக்கு ரயிலேறினேன், பங்குதாரர் கூட்டத்துக்கு.
முந்தைய ஆண்டு சால்மன் மீன் வைத்திருந்த மேசையில்
தண்ணீர் மட்டும்.
எனக்கு முன்னால் நின்ற பஸ் டிரைவர்
மைக்கை வாங்கினார், எதுவும் கேட்கவில்லை.
தன்னிடம் எத்தனை பங்குகள் என்று
எண்ணை மட்டும் படித்தார்.
உட்கார்ந்துவிட்டார்.
நான் எழுதிப்போன கேள்வியை
மடித்துக் கைப்பையில் போட்டேன்.

யாரைத் திட்ட?
கையெழுத்து என்னுடையது.
அந்த வருடத்து அறிக்கைகூட வீட்டில்தான் இருந்தது,
பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்,
ஆடும் மேசைக்காலுக்கு அண்டைக் கொடுத்து.
எல்லாம் முடிந்தபிறகு கிழித்துப் பார்த்தேன்.
பக்கம் நூற்று நாற்பது, குறிப்பு எண் பதினேழு:
கொடுத்த கடனில் பாதிக்குமேல்
கட்டி முடிக்காத வீடுகளின் மேல்.
ஒளிக்கவே இல்லை.
சின்ன எழுத்தில் சொல்லியிருந்தார்கள்.

கொல்லையில் எண்ணெய்த் தொட்டியின் மானி
எப்போதும் பாதி என்று காட்டும்.
குச்சி விட்டுப் பார்த்தால் நாலு விரல்.
நான் குச்சியை நம்புகிறவள்.

இன்று மூன்றில் ஒன்றைக் கழித்தேன்.
மற்ற இரண்டில் கொஞ்சம் கொஞ்சமாக,
மாதம் ஒரு கை.
இரண்டு குளிர்காலத்து எண்ணெய்ப் பணம்
தபால் அலுவலகத்தில் தூங்கட்டும்,
அதை யாரும் எழுப்ப வேண்டாம்.
பாதுகாப்பு என்று எந்த வங்கிக்கும் எதிரே நான் எழுதவில்லை.
'பரவாயில்லை' என்றுதான் பென்சிலில் எழுதினேன்,
அழிக்கிற ரப்பர் பக்கத்திலேயே இருக்கிறது.

ராத்திரி ஒன்பதரைக்கு மறுபடி மணி அடித்தது.
கொஞ்ச நேரம் மழைச் சத்தம், அவள் ஊர் மழை.
"அந்த ஒன்பது சதவீதக்காரர்கள் புத்தகம் அனுப்பியிருக்கிறார்கள்.
எந்தப் பக்கம் பார்க்க?"

"கண்ணாடி போட்டிருக்கிறாயா?"

"போட்டிருக்கிறேன்."

"முதலில் உறையைக் கிழி."